மேசையைத் திருப்பிய ஊர்

ஊசிக்கணவாயில் காற்று மேசைக்குக் கட்டுப்பட்டுப் போனது ஜெபக்கனியால்தான் என்று இன்றைக்கும் அந்த ஊரில் சொல்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்கிறார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பி ஆறுவதற்குள் சொல்கிறார்கள், ஜன்னலைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள், அத்தனையும் பொய். அந்த மேசைக்கு முன்னால் முதலில் உட்கார்ந்தவன் சுதர்சன். அன்றைக்குக் காற்று வீசவில்லை, நின்றது. நின்றுபோன காற்றுக்காக யாரும் யாரையும் பிடித்துக் கேட்கவில்லை. வீசிய காற்றுக்குத்தான் ஆள் தேடினார்கள், தேடிய நேரத்தில் மேசைக்கு முன்னால் இருந்தது ஒரு பெண்பிள்ளை, அதோடு தேடல் முடிந்தது.

இரண்டு மலைகள் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் தள்ளி உட்கார்ந்ததுபோல் நடுவில் ஒரு சந்து, அந்தச் சந்தில் ஊர். ஆனி பிறந்தால் மலையாளத்துப் பக்கமிருந்து காற்று அந்தச் சந்து வழியாக முண்டியடித்துக்கொண்டு வரும், தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிற வெள்ளைக் காத்தாடிகள் அதில் கரண்ட் கறக்கும். கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்த ஜெபக்கனியின் அப்பா தங்கபாண்டி அந்தக் காத்தாடிகளில் ஏறி இறங்குகிற மெக்கானிக். செங்கல் சூளை சிவபெருமாள் அண்ணாச்சி ஊரில் எது இருந்தாலும் அதற்குத் தலைவர், அதனால் ஏரோப்ளேன் கிளப்புக்கும் தலைவர். ரிமோட்டில் ஓட்டுகிற சின்ன விமானங்களின் கிளப் அது. வறண்ட பெரியகுளத்துத் தரையில் பறக்க விடுவார்கள், விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். கிளப்பின் கையில் வித்தை காட்டுகிற விமானம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சிவப்பு, இறக்கை ஓர் ஆள் நீளம், அதைக் கட்டியது ஜெபக்கனி. தக்கை மாதிரி லேசான பலகையை விலா விலாவாக அறுத்து ஒட்டியது அவள், சிவப்புத் தாளை அம்மாவின் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இழுத்து ஒட்டியது அவள், அதில் இஸ்திரிப் பெட்டி நாசமாய்ப் போய் அம்மாவிடம் வசவு வாங்கியதும் அவள்தான். ஆனால் அதை ஒரு தடவைகூட அவள் பறக்க விட்டதில்லை. "கட்டுறது வேற, ஓட்டுறது வேறம்மா" என்பார் அண்ணாச்சி, சமையல்கட்டைக் காட்டிச் சொல்வது மாதிரியே.

ஆடி கடைசியில் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்க வெளியூரிலிருந்து ஒரு நடுவர் வருவதாக இருந்தது. கிளப்பிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். இடம் கிடைத்தவருக்குத்தான் சிவப்பு விமானம். அண்ணாச்சியின் மகன் சுதர்சனும் அதற்கு நின்றான், ஜெபக்கனியும் நின்றாள், வேறு யாரும் நிற்கவில்லை, சூளையில் சம்பளம் வாங்குகிற வீடுகளிலிருந்து யார் நிற்பார்கள்?

பழகுவதற்கு சிமுலேட்டர் வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். விமானம் உங்களை விட்டுத் தள்ளிப் போகும்போது இடது இடதாக இருக்கும்; உங்களைப் பார்த்துத் திரும்பி வரும்போது அதன் இடது உங்கள் வலதாகிவிடும். இது புத்திக்குப் புரிந்து பிரயோசனமில்லை, விரலுக்குப் புரியவேண்டும். நிஜ வானத்தில் அந்தத் தப்பை ஒரு தடவைதான் செய்ய முடியும், இரண்டாவது தடவை செய்ய விமானம் இருக்காது. அதனால் ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் வயர் போட்டு மாட்டி, திரையில் விழுந்து எழுந்து பழகுவது. மூன்று சிமுலேட்டர்களைக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க இறக்கினார்கள், பூட்டிக் கிடந்த பண்டகசாலை மாடியில் மேசை போட்டார்கள், மேசை ஜன்னலைப் பார்த்து இருந்தது, ஜன்னல் குளத்தைப் பார்த்து இருந்தது.

முதலாவது கண்ணுக்கு அழகு. பனிமலை, நீல ஏரி, ஏரியில் மலையின் நிழல். சுதர்சன் உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்ததும் ஊரில் காற்று நின்றது. காத்தாடிகள் கையைத் தூக்கியபடியே நின்றன, களத்தில் தூற்றிய பதர் நெல்லோடு சேர்ந்தே காலடியில் விழுந்தது, சூளைப் புகை தூண் மாதிரி நட்டமாக எழும்பி நின்றது, கொடியில் காய்ந்த துணி நடுவில் உறைந்து தொங்கியது. அவன் எழுந்து டீ குடிக்கப் போனதும் எல்லாம் மறுபடி அசைந்தன. இரண்டாம் நாளே பெண்கள் "துணியக் காயப் போடலாமா, மேல தம்பி ஓட்டுதானா?" என்று கேட்டுக்கொண்டு கொடிப்பக்கம் போனார்கள், மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவதைப் போல.

இரண்டாவதில் காற்று உண்டு, ஆனால் ஒரே பக்கமிருந்து, ஒரே அளவில், தலையாட்டாத டேபிள் ஃபேன் மாதிரி. அதை ஓட்டினால் ஊர்க்கோழிகள் எல்லாம் ஒருக்களித்து நடந்தன, ஆம்பிளைகள் முடியை அந்தப் பக்கத்துக்கே சீவ ஆரம்பித்தார்கள், அதுவும் பழகிவிட்டது.

மூன்றாவது அசிங்கம். கட்டம் போட்ட லுங்கியை விரித்ததுபோல் ஒரு தரை, கோடு கோடாய் ஒரு வானம். ஆனால் அதில் விமானத்துக்கு எடை இருந்தது. வேகம் குறைந்தால் மூக்கைத் தொங்கப்போட்டது, நட்டமாக நிறுத்தினால் எஞ்சின் சுழலுகிற பக்கத்துக்கு எதிராகத் திமிறியது, தப்பு செய்தால் தயவு தாட்சண்யம் இல்லாமல் விழுந்து நொறுங்கியது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, வரும், தள்ளும், நிற்கும், நின்றதாக நினைக்கும்போது அறையும். ஜெபக்கனிக்கு அது பிடித்துப்போயிற்று. அவள் அதை ஓட்டிய நேரமெல்லாம் ஊரில் கல்யாணப் பந்தல் பறந்தது, தலைவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் கிழிந்து அவர் முகமே அவர் கட்சிக்காரர்கள் மேல் விழுந்தது, சொர்ணக்கிளியின் முருங்கைத் தோப்பில் பூ உதிர்ந்தது. இத்தனைக்கும் ஆனி மாதத்தில் வருஷா வருஷம் அந்த ஊரில் அடிக்கிற காற்று அதேதான். போன வருஷமும் பந்தல் பறந்தது, போன வருஷமும் பூ உதிர்ந்தது. போன வருஷம் அது ஆனிக் காற்று. இந்த வருஷம் அது ஜெபக்கனி.

எதை வாங்குவது என்று முடிவு செய்யக் கிளப் கூடியபோது, கிளப்போடு ஊரும் கூடிவிட்டது. சாயுங்காலம் பண்டகசாலை முன்னால் ஜமுக்காளம் விரித்தார்கள்.

"படம் நல்லா இருக்கிறத வாங்கிருவோம்பா," என்றான் சுதர்சன். "பனிமலையெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"பனிமலை பாக்கணும்னா காலண்டர் வாங்கி மாட்டு," என்றாள் ஜெபக்கனி. "அதுல நீ தப்பு பண்ணினாலும் விமானம் விழாது, கம்ப்யூட்டரே கை கொடுத்துத் தூக்கிவிடும். அதுல பழகிட்டு நிஜத்துல ஓட்டினா யாரு தூக்கிவிடுவா, ஒங்க அப்பாவா?"

ஜமுக்காளத்தில் யாரோ சிரித்துவிட்டு, அண்ணாச்சி முகத்தைப் பார்த்ததும் இருமினார்கள்.

"காத்தே இல்லேன்னா காத்தாடி ஓடாதுல்லா," என்றார் ஒருவர். "கம்பெனிக்காரன் எடத்துக்கு வாடகை தரமாட்டான்."

"அப்ப ரெண்டாவது," என்றார் அண்ணாச்சி. "அடக்க ஒடுக்கமா ஒரே சீரா அடிக்குது. குடும்பத்துக்கு ஏத்த காத்து."

"அண்ணாச்சி, நாம வாங்கறது பழகறதுக்கு. நம்ம குளத்துல எப்படிக் காத்து அடிக்குமோ அப்படி அடிக்கிறது மூணாவது ஒண்ணுதான். அதுல ஆயிரம் தடவ விழலாம், ஒரு பலகை ஒடையாது. அதுக்குத்தான சிமுலேட்டர்? விழாம பழகணும்னா அதுக்கு எதுக்கு சிமுலேட்டர்?"

"ஏட்டி, நீ விழுந்து பழகுறதுக்கு எம் பூ உதிரணுமா?" என்று எழுந்தாள் சொர்ணக்கிளி. ஊர் எல்லையில் முருங்கை போட்டிருப்பவள், புருஷன் இல்லாதவள், குரல் உள்ளவள். "மூணு நாளாப் பூவு எல்லாம் தரையில கெடக்கு. படிக்கப் போற புள்ள படிக்கிற வேலையப் பாக்காம வானத்துல என்னட்டி வேல ஒனக்கு?"

"அது என் காத்து இல்ல சித்தி. புரோகிராம்ல உள்ள காத்து. சுதர்சன் உக்காந்து ஓட்டினாலும் அப்படித்தான் அடிக்கும்."

"அவன் உக்காந்து ஓட்டலையே. நீதான ஓட்டின?"

ஊரே தலையாட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தங்கபாண்டி மகளைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டாவதையே வாங்குவது என்றும், மூன்றாவதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவது என்றும், பெண்பிள்ளைகள் இனி மாடி ஏறவேண்டாம் என்றும் முடிவானது. கடைசி முடிவை யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஜெபக்கனி தன் பழைய லேப்டாப்பில் மூன்றாவதை இறக்கிப் பார்த்தாள். அதைத் திறக்க அந்த லேப்டாப்புக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது சிமுலேட்டரை அணைக்கவே இல்லை. கரண்ட் போனாலும் ஓட பேட்டரி வைத்தார்கள். சுதர்சன் இருந்தால் ஓட்டுவான், இல்லாவிட்டால் திரையில் விமானம் ஓடுபாதையில் சும்மா நிற்கும், காற்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் மாடியைக் கூட்ட மேசையை ஓரமாக நகர்த்தித் திருப்பி வைத்தபோது ஊர்க்காற்றும் கூடவே திரும்பியது. சிமுலேட்டரில் காற்றுக்குத் திசை ஓட்டுகிறவன் முகத்தை வைத்துத்தான்; ஓட்டுகிறவன் முகம் திரையைப் பார்க்கும்; திரை மேசைமேல் இருக்கிறது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது, மேசைக்கு அடியில் பழைய பீரோவின் சக்கரங்களை மாட்டியது.

"செட்டிங்ஸ்ல ஒரு நம்பர மாத்தினா காத்து திரும்பிரும் அண்ணாச்சி," என்று பண்டகசாலை வாசலில் நின்றபடியே சொன்னாள் ஜெபக்கனி. "மேசைய ஏன் போட்டு உருட்டுதிய?"

அண்ணாச்சி அவளைப் பாவம் என்பதுபோல் பார்த்தார். "நம்பர மாத்துறதுல என்னம்மா மரியாத இருக்கு?"

உண்மைதான், மேசையில் மரியாதை இருந்தது. மேசைக்கு நாலு மூலை. வலது முன்மூலையில் சூளைக் குடும்பம் கை வைத்த பிறகுதான் மற்ற மூலைகளில் மற்றவர்கள் கை வைக்கலாம் என்று ஆனது, கை வைக்கும்போது துண்டை இடுப்பில் கட்டவேண்டும் என்று ஆனது, ஆடி வெள்ளிக்குச் சூடம் காட்டினார்கள், இரண்டாவது மூலை யாருக்கு என்று இரண்டு தெருக்காரர்கள் அடித்துக்கொண்டு ஒருவருக்குப் பல் போனது. கல்யாண வீட்டுக்காரர்கள் தாம்பூலத்தோடு வந்து கிழக்கே கேட்டார்கள், நெல் தூற்றுகிறவர்கள் மேற்கே கேட்டார்கள், காத்தாடிக் கம்பெனி எஞ்சினியர் வந்து அளந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் கண்டுபிடித்த யந்திரம் ஏன் ஒரு மேசையைப் பார்த்துத் திரும்புகிறது என்று கேட்காமல், தினமும் சாயுங்காலம் கொஞ்சம் தெற்கே வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். யாருடைய வேண்டுதலும் இல்லாத நேரத்தில் மேசை சூளைக்கு வசதியாக நின்றது. சூளைக்கு வசதி என்றால் புகை அண்ணாச்சி வீட்டுப் பக்கம் வராமல் நேராக ஊர் எல்லைக்குப் போவது. ஊர் எல்லையில் சொர்ணக்கிளியின் முருங்கைத் தோப்பு இருந்தது. உதிராமல் நின்ற பூவில் பாதிக்கு மேல் கருகியது.

அப்படியானால் அசல் காற்று எங்கே போனது? யாருமே இதைக் கேட்கவில்லை, ஜெபக்கனி கேட்டாள், கல்லூரி பஸ்ஸில் போகும்போதே பார்த்தும்விட்டாள். மலையாளத்திலிருந்து வழக்கம்போலப் புறப்பட்டு வந்த ஆனிக் காற்றும் ஆடிக் காற்றும் ஊருக்குள் நுழைய இடமில்லாமல், 'நல்வரவு' என்று எழுதிய வளைவுக்கு வெளியே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நின்றன, தொழுவம் திறக்காத ஆடுகள் மாதிரி முட்டிக்கொண்டு, கனைத்துக்கொண்டு, ஒன்று மற்றதன்மேல் ஏறிக்கொண்டு. பஸ் அந்தக் குவியலுக்குள் நுழையும்போது கண்டக்டர் "தலையப் பிடிச்சுக்கோங்க" என்பார், எல்லோரும் தலையைப் பிடித்துக்கொள்வார்கள், வளைவைத் தாண்டியதும் விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

ஜெபக்கனி மீன்பெட்டி தெர்மோகோலில் ஒரு விமானம் வெட்டினாள், தூக்கிப் போட்ட மோட்டார் ஒன்றை மாட்டினாள், கல்லூரி விட்டு வந்ததும் வளைவுக்கு வெளியே போய் அந்தக் குவியலுக்குள் நின்று பறக்க விட்டாள். முதல் நாள் அது கை விட்டதும் தரையில் குத்தியது. ஒட்டினாள். மறுநாள் மைல்கல்லில் மோதி இரண்டானது. ஒட்டினாள். கொஞ்ச நாளில் விமானத்தில் தெர்மோகோலைவிடப் பசை அதிகமாக இருந்தது. திரையில் என்றால் ஒரு பட்டனை அழுத்தினால் விமானம் புதுசாக வந்து நிற்கும். இங்கே விழுந்தது விழுந்ததுதான், அதனால் விரல் சீக்கிரம் படித்தது. காற்றின் ஒரு பங்கு கீழே இருந்து தூக்கும், ஒரு பங்கு விலாவில் குத்தும், அதற்குள்ளேயே உருளவும் வட்டம் போடவும் தலைகீழாகப் போகவும் வேண்டும்.

அங்கேயும் நிம்மதி இல்லை. வளைவை ஒட்டினாற்போல்தான் சொர்ணக்கிளியின் தோப்பு. தினமும் அவள் வேலியோரம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எம் மரத்துகிட்ட நின்னு என்னட்டி கூத்து கட்டுத? அங்கன பாரு, முறுக்கு சுத்துது. ஏ மூதி, முறுக்கு சுத்தினா வயிறு நெறையுமா?"

உருளுவதற்கு அவள் வைத்த பெயர் முறுக்கு. வட்டம் போட்டால் ஆட்டுக்கல். தலைகீழாகப் போனால் செத்தவன். இறக்கை நட்டமாக நிற்கப் பக்கவாட்டில் போனால் கத்தி. மூக்கை வானத்துக்குக் காட்டி ஒரே இடத்தில் தொங்கினால் மரம்.

"நேத்து ஆட்டுக்கல்லு முடிஞ்சு செத்தவன் வந்தான், இன்னைக்குக் கத்தி வருது. ஒழுங்கா ஒண்ணு செய்யத் தெரியல, இவ போட்டிக்குப் போறாளாம்."

ஜெபக்கனி விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தாள். சித்தி சொன்னது சரி. வரிசை மாறிப் போயிருந்தது.

"கத்துறதுன்னா சூளைக்காரர் வீட்டு வாசல்ல போயிக் கத்து சித்தி. அவரு புகைதான் ஒம் பூவக் கருக்குது."

"அங்கயும் கத்திட்டுத்தான் வாரேன். அவன் புகை கருக்குது, நீ நோண்டுற காத்து வேலியத் தாண்டி வந்து உதுக்குது. ரெண்டு பேரும் நாசமாப் போங்க."

இப்படித்தான் ஆடி போனது, அவள் பறக்க விட, இவள் வைய.

நடுவர் வந்த நாள் காலையில் குளத்துத் தரையில் பந்தல் போட்டிருந்தார்கள், அது அசையவில்லை. மேசையை நாலு பேர் முறைப்படி திருப்பி, ஓடுபாதைக்கு நேர் எதிர்க்காற்றாக, மூக்குக்கு மூக்கு வருகிற மாதிரி வைத்திருந்தார்கள். சுதர்சனுக்குக் கிளப் பையன்களில் ஒருவன் பின்னால் நின்று வரிசை சொன்னான். ஓட்டுகிறவன் கண் விமானத்தை விட்டு விலகக்கூடாது என்பதால், அடுத்தது என்ன என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது போட்டியின் விதி, ஆள் இல்லாவிட்டால் பறக்க முடியாது. சுதர்சன் சுமாராகத்தான் ஓட்டினான், ஆனால் ஒழுங்காக இறக்கினான். பந்தல் கைதட்டியது.

ஜெபக்கனி தன் முறைக்கு வந்து சிவப்பு விமானத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டாள். அதன் வயிற்றில் தாள் சுருங்கிய ஓர் இடம், அம்மாவின் இஸ்திரிப் பெட்டி கடைசியாக மூச்சு விட்ட இடம், அவளுக்குத் தெரியும். வரிசை சொல்ல வரும்படி கிளப்பில் ஒவ்வொருவரையும் கேட்டாள். ஒருவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஒருவனுக்கு வேலை வந்துவிட்டது, ஒருவன் போன் வந்ததுபோல் தள்ளிப் போனான்.

"ஆள் இல்லேன்னா எப்படிம்மா?" என்றார் நடுவர்.

"விதின்னா விதிதானே," என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார், வருத்தம் முகத்தில் ஒட்டவில்லை.

பந்தலுக்கு வெளியே, கருகிய முருங்கைக் கொத்து ஒன்றைத் தூக்கிக் காட்டி, நடுவரிடம் சூளைப் புகையைப் பற்றிப் புகார் சொல்ல வந்து, அவர் இந்த மாதிரிப் புகாரை எடுக்கிற நடுவர் இல்லை என்று தெரிந்தும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள் சொர்ணக்கிளி. ஜெபக்கனி அவளைப் பார்த்தாள்.

"சித்தி, வந்து என் பின்னாடி நில்லு. தெனமும் வையிறததான் இன்னைக்கும் வையப் போற. வரிசையா வை."

"ஓம் மேல பிரியத்துல வாரேன்னு நெனச்சிராதட்டி. அந்தப் புகைக்காரன் மகன் செயிக்கக் கூடாது, அம்புட்டுதான்."

"அது போதும்."

சிவப்பு விமானம் எழும்பியது. தான் கட்டியது தன் விரலுக்குப் பதில் சொல்வதை ஜெபக்கனி முதல்முறையாக உணர்ந்தாள், அதற்காக நெகிழ நேரமில்லை.

"முறுக்கு!" என்றாள் சொர்ணக்கிளி முதுகுக்குப் பின்னால். "போதும் நிறுத்துட்டி, ஆட்டுக்கல்லு. பெருசாப் போடு, கஞ்சப்பிசினாரி மாதிரி போடாத."

வட்டம் முழுசாக வந்தது. நடுவர் பேனாவை எடுத்ததை அண்ணாச்சி பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, மாடி ஜன்னலைப் பார்த்து ஒரு வீசு வீசினார்.

மாடியில் நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டி, மூலைக்கு மூலை கை வைத்து, மேசையைத் திருப்பினார்கள். காற்று விலாவில் வந்து இடித்தது. விமானம் ஒரு நொடி சாய்ந்தது, அவள் கட்டைவிரல் அதற்கு முன்பே போயிருந்தது. அண்ணாச்சி இன்னொரு வீசு வீசினார். முதுகுப் பக்கமிருந்து காற்று. அவள் வேகத்தைக் குறைத்தாள். துண்டு இன்னும் வேகமாக வீசியது, மாடியில் அவர்கள் இன்னும் வேகமாகத் திருப்பினார்கள், மரியாதையை மறந்து யார் மூலை எந்த மூலை என்று பார்க்காமல் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், நாலு ஆம்பிளைகள் ஒரு பெண்பிள்ளையின் விமானத்தை விழவைக்க ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு செக்கு மாடு மாதிரி ஓடினார்கள். காற்று ஊரைச் சுற்றி ஓடியது. சூளைமேல் போட்டிருந்த கீற்று எழும்பியது, பச்சைச் செங்கல் அடுக்கு சரிந்தது, பந்தல் நாலு காலையும் பிடுங்கிக்கொண்டு கிளம்பியது, காத்தாடிகள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பி அலறின, அவற்றில் ஒன்றின் உச்சியிலிருந்து தங்கபாண்டி முதன்முறையாக மகள் இருந்த பக்கம் பார்த்தார்.

"செத்தவன்!" என்று கத்தினாள் சொர்ணக்கிளி.

ஜெபக்கனி விமானத்தைக் கவிழ்த்துத் தலைகீழாக, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில், நேர்கோடாகக் கொண்டுபோனாள்.

அப்போது பூ வந்தது. எல்லைத் தோப்பில் கருகாமல் மிச்சமிருந்த முருங்கைப் பூ முழுவதையும் சுழல் உருவி எடுத்துக்கொண்டு குளத்துக்கு மேலே வந்தது, வெள்ளையும் மஞ்சளுமாக, கூட்டம் கூட்டமாக, சிவப்பு விமானத்தைச் சுற்றி. ஒரு பூகூட இனி மரத்தில் இருக்காது, இந்த வருஷம் ஒரு காய்கூட இறங்காது. முதுகுக்குப் பின்னால் குரல் நின்றுவிட்டது. அடுத்தது என்ன என்று ஜெபக்கனிக்குத் தெரியும், ஆனால் சொல்லாமல் செய்தால் அது கணக்கில் வராது. கண்ணைத் திருப்ப முடியாது. தலைகீழாகப் போகிற விமானத்துக்குக் குளக்கரை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"சித்தி," என்றாள், விமானத்தைப் பார்த்தபடியே.

"போச்சு," என்றது குரல். "எல்லாம் போச்சு." பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம். "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? கத்தி! கத்தியப் போடு, அவன் கழுத்துக்கு நேராப் போடு!"

விமானம் இறக்கையை நட்டமாக்கி அண்ணாச்சியின் தலைக்கு மேலே, அவருடைய துண்டு பறக்க, பக்கவாட்டில் சீறிக்கொண்டு போனது.

மாடியில் பீரோச் சக்கரம் ஒன்று கழன்றது. மேசை குப்புற விழுந்தது, அதன்மேல் நாலு பேர் விழுந்தார்கள், திரை உடைந்தது, காற்று நின்றது. ஊர் ஒரே ஒரு மூச்சு அளவுக்கு எதுவும் அசையாமல் இருந்தது, பூக்கள் நட்டமாகக் கீழே விழ ஆரம்பித்தன. பிறகு எல்லையில் நல்வரவு வளைவு விழுகிற சத்தம் கேட்டது, இரண்டு மாதமாக வெளியே நின்ற ஆனியும் ஆடியும் மொத்தமாக ஊருக்குள் நுழைந்தன.

அந்தக் காற்றை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சாயுங்காலம் அதோடு சண்டை போட்டிருக்கிறாள். விமானத்தை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"மரம்," என்றாள் சொர்ணக்கிளி, இப்போது கத்தாமல். மூக்கை வானத்துக்குக் காட்டி, எல்லோருடைய வேட்டியும் ஒரு பக்கமாகப் பறக்கிற அந்தக் காற்றில், விமானம் நட்டுவைத்தது மாதிரி நின்றது. பிறகு மூக்கை மெதுவாகச் சாய்த்தது, எதிர்க்காற்றில் முன்னால் நகராமல், பின்னால் போகாமல், அடைகாக்க உட்காருகிற கோழியைப் போல அவள் காலடிக்கு நேராக இறங்கியது. ஓடுபாதையில் ஒரு முழம்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

நடுவர் பறந்துபோன மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இடம் அவளுக்குத்தான் என்றார், விமானம் அவளுக்குத்தான் என்றார். மறுக்க வாயைத் திறந்த அண்ணாச்சிக்கு வாய் நிறையக் களத்துப் பதர் வந்து விழுந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற ஊர் பேச ஆரம்பித்திருந்தது. "பாத்தேரா வே, அவ ஓட்ட ஆரம்பிச்சதும் அடிச்ச காத்த?" "நான் அப்பமே சொன்னேன், அந்தப் புள்ளையக் குளத்துக்குள்ள விடாதியன்னு." "சூள போச்சு, பந்தல் போச்சு, எல்லாம் அவ கைவேல." மாடியிலிருந்து மண்டையில் கட்டுப்போட்டு இறங்கி வந்த நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

"எங்க ஊர் கிளப்புக்கும் ஒரு சிமுலேட்டர் வாங்கணும்," என்றார் நடுவர். "எதை வாங்கறதுன்னு ஒரே குழப்பமா இருக்கு. நீ எதுலம்மா பழகின?"

ஜெபக்கனி கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது, முன்பைவிட மோசமாக.

"இதுலதான் சார்," என்று கையை நீட்டி ஊரைக் காட்டினாள்.

அவர் அதை ஏதோ புதுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார். "எங்க கிடைக்கும்?"

"எல்லா ஊர்லயும் கெடைக்கும் சார். பொம்பளப் புள்ளையாப் பொறந்தாப் போதும், ஓசியிலயே போட்டு விட்ருவாங்க. அணைக்கத்தான் பட்டன் கெடையாது."

சொர்ணக்கிளி தரையில் குந்தி, சிவப்பு இறக்கைமேல் விழுந்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். இறக்கை முழுவதும் பொறுக்கி முடித்தபிறகு எழுந்து ஜெபக்கனியின் தலைமுடியில் சிக்கியிருந்த பூவையும் வெடுக்கென்று பிடுங்கி அதோடு சேர்த்துக்கொண்டாள்.

"வதக்கித் திம்பேன்," என்றாள். "ஒனக்கு ஒரு வாய் கெடையாது."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் இறக்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வழி விடாமல் நின்ற ஊருக்கு நடுவே, காற்றுக்கு எதிராக நடந்தார்கள்.